கட்டுத்தரையும் பாட்டியாரும்

கால்நடை விஷயமாக நமது கிராமங்களில் கூட்டம் கூட்டும்போதெல்லாம் முன்வரிசையில் அமர்பவர் நிலத்துக்குடைய ஆடவரேயாவர். ஆயினும் சாணம் அள்ளுதல், தீனி வைத்தல், தண்ணீர் காட்டுதல், கன்றை ஊட்டவிடுதல் ஆகிய நித்திய வேலைகளிற் பெரும்பாகம் வீட்டுப் பெண்டிராலேயே நடைபெறுகின்றது. மாட்டை அறிந்தவர் ஓரிடத்திலும், மாட்டைப் பற்றிய உபதேசம் வேறோரிடத்திலும் இருப்பது நஷ்டத்துக்கு ஏதுவாகுமென்பது எமது அபிப்பிராயம்.

காங்கயம் பகுதியில் வாழ்ந்து மறைந்த எமது அப்பத்தாளின் வாழ்க்கையை இதற்குச் சான்றாகக் கூறலாம். அவர் எழுத்தறியாதவர். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் உடைய கொறங்காட்டில் மேய்ந்து மாடுகள் திரும்பும் வேளையில், ஒவ்வொன்றின் மூக்கும் ஈரமாயுள்ளதா, அசைபோடுகின்றதா, சாணம் இளகியுள்ளதா என நோக்கிய பின்னரே அவர் உணவு கொள்வார். கன்று வயிறார ஊட்டுமுன் சீம்பாலில் ஒரு சொட்டும் கறக்கவிடார். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கன்றுக்குச் சீம்பால் கிடைக்கவேண்டுமென்றே இன்றைய கால்நடை மருத்துவமும் கூறுகின்றது. அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்களை ஏற்கும் சக்தி கன்றின் குடலுக்கு ஒரு நாளைக்குள் குன்றிவிடுமாதலின், தாமதித்துக் கொடுப்பதிற் பிரயோஜனம் சொற்பமே.

ஒரு வருஷம் ஆடி உழவின்போது, ஏர் எருதொன்று இரவுத் தீனியைத் தொடவில்லையென்றும், வாயில் எச்சில் நூலாக வழிகின்றதென்றும், அதைப் பிரித்துக் கட்டவேண்டுமென்றும் அவர் கூறினார். பருவம் தவறுமென்று அஞ்சிய ஆடவர், அச்சொல்லைக் கேளாது அதனையே ஏரிற் பூட்டினர். வந்தது கோமாரி. ஒரு வாரத்துக்குள் கட்டுத்தரை முழுவதும் வாயும் குளம்பும் புண்ணாயின. எந்தப் பருவத்துக்காக அவசரப்பட்டனரோ அப்பருவமும் தவறியது. கறவைப் பசுவொன்றின் பால் பின்னர் மீளவேயில்லை.

பிராணிகளிடத்து மூதாட்டியர் வைக்கும் அன்பு வெறும் இரக்கமென்றும், வரவு செலவுக் கணக்குக்கு உதவாதென்றும் சிலர் கூறுவர். அன்புடையார் அடிக்கடி நோக்குவர். அடிக்கடி நோக்குவோரே நோயை முதலிற் காண்பர். இதனால் பழைய வழக்கம் யாவும் கொள்ளத்தக்கவை என்று கூறினோமல்லோம். நோய்க்குச் சூடு போடும் வழக்கம் ஒழியவேண்டும். கோமாரிக்குக் கைம்மருந்தை மட்டும் நம்பாது, ஆறு மாதத்துக்கொரு முறை தடுப்பூசி போடுவித்தல் அவசியம். வெக்கை நோய் உலகினின்றே ஒழிந்ததென 2011-ம் வருஷத்தில் அறிவிக்கப்பட்டமைக்குத் தடுப்பூசியும், நோய் கண்டவிடத்து உடனே அறிவித்தலும் இணைந்தே காரணமாயின. கண்டு சொல்லுவோரின் சொல்லுக்கு மதிப்பில்லையேல் மருந்தும் காலந்தாழ்ந்தே வந்து சேரும்.

ஆகவே, கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் தடுப்பூசி முகாம் பற்றிய அறிவிப்பை வீட்டுப் பெண்டிருக்கும் நேரிற் சேர்ப்பிப்பாராக. சினை, ஈற்று, ஊசி ஆகியவற்றின் தேதிகளைக் குறிக்கும் புஸ்தகம் கட்டுத்தரையைப் பார்ப்பவரிடமே இருக்கட்டும். எழுதத் தெரியாதாருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் எழுதிக்கொடுக்கலாம். நிலமுடையோர், காலையில் ஏர் பூட்டுமுன், இரவு மாடு தீனி தின்றதா என்று வீட்டு மூதாட்டியாரை ஒரு வார்த்தை கேட்பாராயின், அதனால் அவர்களுக்குச் செலவு ஏதுமில்லை. தப்பும் நஷ்டமோ பெரிது.