வயது கேட்காத விழா

1816 டிசம்பர் 6. வார்சாவில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தந்தைக்கு வாழ்த்துக் கவிதை எழுதிக் கொடுத்தான். பின்னாளில் உலகம் கொண்டாடிய பியானோ மேதை ஃபிரெடெரிக் ஷோப்பேன்தான் அந்தச் சிறுவன். அவருடைய கடிதத் தொகுப்பு இந்த வாழ்த்திலிருந்துதான் தொடங்குகிறது. அன்று தந்தைக்குப் பிறந்தநாள் அல்ல, பெயர்நாள். அவர் பெயர் மிக்கொவாய், அதாவது நிக்கோலாசின் போலிஷ் வடிவம். டிசம்பர் 6 புனித நிக்கோலாசின் திருநாள்.

போலந்து மக்கள் இதை ‘இமியெனினி’ என்கிறார்கள். அங்கே நாட்காட்டியின் ஒவ்வொரு தேதிக்கும் கீழே சில பெயர்கள் அச்சாகியிருக்கும். காலையில் வானொலி அந்தப் பெயர்களை அறிவிக்கும், செய்தித்தாள் வெளியிடும். மார்ச் 19 யூசெஃப், ஜூலை 26 அன்னா, ஜூன் 24 யான். அந்தப் பெயரை உடைய அத்தனை பேருக்கும் அன்று விழா. ஒரே பெயருக்குப் பல தேதிகள் இருந்தால், பிறந்த தேதிக்குப் பின் முதலில் வருவதை எடுத்துக்கொள்வது மரபு.

பிறந்தநாளுக்கு அழைத்தால்தான் ஆள் வருவார்கள். பெயர்நாளுக்கு அழைப்பு வேண்டியதில்லை. தேதி ஊருக்கே தெரியும். அக்கம்பக்கத்தாரும் உறவினரும் பூங்கொத்தோடு வந்து நிற்பார்கள். பூக்கள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், இரட்டைப்படை துக்க வீட்டுக்கு உரியது. வீட்டுக்காரர் கேக்கும் தேநீரும் தயாராக வைத்திருப்பார். அலுவலகத்தில் பெயர்நாள்காரர் இனிப்பு கொண்டுவர, மற்றவர்கள் சுற்றி நின்று நூறாண்டு வாழ்க என்று ‘ஸ்டோ லாட்’ பாடுவார்கள்.

பிறந்தநாளைவிடப் பெருந்தன்மையான விழா இது என்றே சொல்ல வேண்டும். எத்தனை வயது என்று யாரும் கேட்பதில்லை. தனியே வாழும் எழுபது வயது அன்னாவையும், பள்ளிக்குப் போகும் அன்னாவையும் ஒரே காலையில் ஊர் நினைத்துக்கொள்கிறது. தன்னை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. முதுமையும் தனிமையும் சேர்ந்து வரும் இந்தக் காலத்தில் அது சாதாரண உதவி அல்ல.

ஆனாலும் இளைய தலைமுறை பிறந்தநாள் பக்கம் சாய்ந்துவருகிறது. போலந்தின் சுரங்கப் பகுதியான மேல் சிலேசியாவில் முன்பிருந்தே பிறந்தநாளுக்குத்தான் முதலிடம். அதே சிலேசியாவில், பார்பராவின் நாளான டிசம்பர் 4 வந்தால் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கறுப்புச் சீருடையும் இறகு சூடிய தொப்பியும் அணிந்து, வாத்தியக் குழுவோடு ஊர்வலம் போகிறார்கள். பார்பரா சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதை. வீட்டில் கொண்டாடாத பெயர்நாளை அங்கே தெருவே கொண்டாடுகிறது.

இப்படி ஒரு பெயர் ஊரின் வாழ்வுக்குள் நுழைந்துவிடுவதற்குச் சான்றுகள் நிறைய. ஆண்ட்ஜெய்யின் பெயர்நாளுக்கு முந்தைய இரவில், நவம்பர் 29 அன்று, உருகிய மெழுகைச் சாவியின் துளை வழியே குளிர்ந்த நீரில் ஊற்றுகிறார்கள். உறைந்த மெழுகின் நிழலைச் சுவரில் பார்த்து வருங்காலம் சொல்கிறார்கள். மே 15 சோஃபியாவின் நாள். அதுவரை பனி திரும்ப வரலாம் என்பதால் இளம் நாற்றுகளை வெளியே நட மாட்டார்கள் தோட்டக்காரர்கள். ‘குளிர்ந்த சோஷ்கா’ என்று அந்த நாளைச் செல்லமாக அழைக்கிறார்கள். போஸ்னான் நகரில் ஒரு தெருவுக்கே பெயர்நாள் உண்டு. புனித மார்ட்டின் தெரு நவம்பர் 11 அன்று ஊர்வலத்தோடு கொண்டாடுகிறது, கசகசாப் பூரணம் வைத்த பிறைவடிவ ரொட்டி அன்று வீட்டுக்கு வீடு வந்துவிடும். அந்த ரொட்டியின் பெயருக்கு 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பும் கிடைத்தது.

அரசியலும் பெயர்நாளை விட்டுவைக்கவில்லை. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நாட்டை வழிநடத்திய மார்ஷல் யூசெஃப் பியூசுட்ஸ்கியின் பெயர்நாள் கிட்டத்தட்ட அரசு விழாவாகவே நடந்தது. 1931இல் அவர் ஓய்வுக்காக மதெய்ரா தீவில் தங்கியிருந்தபோது, லட்சக்கணக்கான வாழ்த்து அட்டைகள் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தன.

பெயரை இவ்வளவு பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. பெயர் பறிபோவது என்னவென்று அந்த மண் அனுபவித்திருக்கிறது. நாஜி ஆட்சியில் போலந்துக் குழந்தைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிடுங்கப்பட்டு, ஜெர்மன் பெயர் சூட்டப்பட்டு, ஜெர்மன் குடும்பங்களில் வளர்க்கப்பட்டார்கள். சிலேசியாவில் பெரியவர்களின் பெயர்கள்கூட ஜெர்மன் மயமாயின. போர் முடிந்ததும் புதிய அரசு அதையே திருப்பிச் செய்தது: ஜெர்மன் ஒலியுள்ள பெயர்களை மாற்றச் சொல்லி நெருக்கியது. சில ஆண்டுகளுக்குள் இரண்டு முறை பெயர் மாறியவர்கள் உண்டு. இரண்டும் அநீதிதான்.

அதே போர்க்காலத்தில் வார்சாவில் இரெனா செண்ட்லர் என்ற சமூகப் பணியாளர் தம் தோழிகளோடு சேர்ந்து யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்திருந்த கெட்டோவிலிருந்து குழந்தைகளை மீட்டார். உயிர் தப்ப அந்தக் குழந்தைகளுக்குப் புதிய போலிஷ் பெயர்கள் தேவைப்பட்டன. அவர்களின் உண்மைப் பெயர்களை மெல்லிய காகிதத் துண்டுகளில் குறித்து, ஜாடியில் அடைத்து, மரத்தடியில் புதைத்துவைத்தார். என்றாவது ஒருநாள் குழந்தை தன் குடும்பத்திடம் திரும்ப வேண்டுமே என்ற கவலை அவருக்கு. 1943இல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாபோ பிடித்து வதைத்தும் அந்தப் பட்டியலை அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்றைய சட்டத்தின் பிடி இவ்வளவு இறுக்கமானதல்ல. 2015 மார்ச் முதல் வெளிநாட்டுப் பெயர்களையும் பதிவு செய்யலாம். இரண்டு பெயர்களுக்கு மேல் கூடாது; கேலிக்கு இடம்தரும் பெயரையும், சுருக்கிய செல்லப் பெயரையும் பதிவாளர் மறுப்பார். கத்தாஜினா என்று பதிவு செய்துவிட்டு வீட்டில் காஷா என்று கூப்பிட்டுக்கொள்ளலாம். வளரும் குழந்தை பிறகு எந்தப் பெயரில் அறியப்பட விரும்பும் என்பதை அதனிடமே விடுகிறது என்ற அளவில் இந்தத் தடை நியாயமானதே. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் தாங்களே ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் வருகிறது: உறுதிபூசுதலின்போது தமக்குப் பிடித்த புனிதரின் பெயரை மூன்றாம் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள்.

பெயர்நாள் மரபின் மீது ஒரு குறை சொல்லலாம், அது உண்மையான குறையும்கூட: நாட்காட்டியில் இல்லாத பெயருக்கு விழா இல்லை. அந்தோனி, சோஃபியா, யான் போன்ற பழைய பெயர்கள் இப்போது மீண்டும் செல்வாக்குப் பெற்றிருந்தாலும், புதிய பெயர்களும் வேறு சமயத்தார், வேறு நாட்டார் பெயர்களும் பெருகிவருகின்றன. அந்தப் பெயர்களை உடையவர்கள் ஆண்டு முழுக்கப் பிறர் விழாக்களுக்கு விருந்தினராக மட்டுமே போய்வர வேண்டுமா?

வேண்டியதில்லை, அந்த நாட்காட்டிக்கு மனம் விரியத் தெரியும். கிராஜினா என்ற பெயரை கவிஞர் ஆதாம் மிட்ஸ்கியெவிச் 1823இல் தம் காவியத்துக்காக உருவாக்கினார். அந்தப் பெயரில் புனிதை கிடையாது. ஆனாலும் 20ஆம் நூற்றாண்டில் எத்தனையோ பெண்கள் கிராஜினாக்கள் ஆனார்கள், நாட்காட்டி அவர்களுக்கும் இடம் கொடுத்தது. ஷோப்பேனின் தந்தையும் பிரான்ஸின் லொரேன் பகுதியில் நிக்கோலா என்ற பெயரோடு பிறந்தவர்தான். பதினாறு வயதில் போலந்துக்கு வந்து மிக்கொவாய் ஆனார். குடியேறிய பிரெஞ்சுக்காரருக்குப் பெயர்நாள் வாழ்த்து எழுதிய மகன்தான் இன்று அந்நாட்டின் பெருமை.

தமிழர்களுக்கும் இது முற்றிலும் புதிதல்ல. தமிழ்க் கத்தோலிக்கர்கள் பங்குத்தந்தையின் நாமவிழாவுக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். அவர்கள் குடும்பங்களில் காணும் ஸ்தனிஸ்லாஸ் என்ற பெயர் போலந்துப் புனிதர்களின் பெயர்தான். போலந்தில் படிக்கவும் வேலை பார்க்கவும் போயிருக்கும் தமிழர்களே, பக்கத்து மேசைக்காரரின் பெயர் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்து, ஒற்றைப்படையில் பூ வாங்கிப் போய் வாழ்த்துங்கள். கூடவே, கவிதாவுக்கும் செந்திலுக்கும் எந்த நாள் என்று அவரிடம் உரிமையோடு கேளுங்கள்.