நோவு தீர்ந்தால் போதுமா?

உதைபந்தாட்டத்தில் ஓடும் கால் சட்டெனத் திரும்பும்போது, முழங்கால் மூட்டினுள்ளே தொடையெலும்பையும் கணைக்காலெலும்பையும் பிணைத்து நிற்கும் சிலுவைத் தசைநார் அறுந்துபோவதுண்டு. சத்திரசிகிச்சை நிபுணர், முழங்காற் சில்லின் கீழிருந்தோ பின்தொடையிலிருந்தோ வேறொரு நாரை எடுத்து அவ்விடத்திற் பொருத்துவர். நாளடைவில் நோவு தணிகின்றது, வீக்கம் வற்றுகின்றது. 'இனி விளையாடலாமே' என மாணவன் உள்ளம் துள்ளுகின்றது. ஆபத்து அங்கேதான் இருக்கின்றது.

பிடுங்கி நட்ட நாற்று முதலில் வாடிப் பின்னரே வேர்விடும். பொருத்திய நாரும் அத்தகையதே. முதற்சில மாதங்களில் அது வலுவிழந்து, புதிய குருதிக் குழாய்கள் ஊடுருவிய பின்னரே மெல்ல உரம் பெறும். நோவு நீங்கியமை நார் முற்றியமைக்குச் சான்றாகாது.

நோர்வே நாட்டு ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதனை வலியுறுத்துகின்றது. 9 மாதங்கள் வரை, களம் புகுவதை ஒவ்வொரு மாதம் பிற்போடுந்தோறும் மீண்டும் காயமுறும் விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இரு தொடைகளும் ஏறத்தாழச் சமபலம் பெற்றபின் ஆடியோர்க்கும் ஆபத்துக் குறைந்தது.

ஆதலின் பெற்றோரே, போட்டித் திகதியை நோக்கிப் பிள்ளையைக் களத்துக்கு அனுப்பாதீர்கள். தொடையை உரமாக்கும் பயிற்சி, நேரோட்டம், அதன் பின்னரே திருப்பமும் துள்ளலும் என்னும் படிமுறையைக் கடத்தலாகாது. இவ்வாண்டுப் போட்டி போனால் மறு ஆண்டு வரும். முழங்கால் அவ்வாறு வருவதில்லை.