கடலடிப் படத்துக்குக் கற்பனைச் சாயமா?

கடலுக்கடியில் நடப்பது புதுவை மக்களுக்கு வேடிக்கைச் சமாசாரம் அல்ல, பிழைப்புப் பிரச்னை. 1980-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள், வடக்கே நகரும் மணலை மறித்தன. வடபுறக் கடற்கரை கரைந்தது. மீனவக் குப்பங்கள் கரையை இழந்தன. மணலைத் திரும்பச் சேர்ப்பதற்காக, 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே எஃகுத் தடுப்பு ஒன்றைக் கடலில் அமிழ்த்தினார்கள். அதனால் கடலடியில் என்ன மாறியது என்று கண்ணால் அறிய வேண்டுமானால், காமிராவுடன் உள்ளே இறங்க வேண்டும்.

ஆனால் கடல் லேசில் காட்டிக் கொடுப்பதில்லை. சூரிய வெளிச்சத்தின் சிவப்பைச் சில மீட்டர் ஆழத்திலேயே நீர் விழுங்கிவிடுகிறது. மிதக்கும் வண்டல் திரை போடுகிறது. படம் மங்கிப் போகிறது. இதைச் சீர் செய்யச் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய கம்ப்யூட்டர், மங்கிய படத்துக்கு நிறமும் தெளிவும் தருகிறது. நல்ல கருவி; வரவேற்கிறோம்.

ஆயினும், இப்படிப் படம் ஆக்கும் யந்திரம், கண்ணுக்குத் தெரியாததைத் தன் ஊகத்தால் நிரப்புகிறது. ஊகம் சாட்சியாகுமா?

மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். 2010-லும் 2016-லும் கடல் நீர் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்தன. உடலில் வாழும் நுண்பாசியை இழந்த பவளம் வெண்மையாகிறது. நிறத்தைப் பார்த்துத்தான் விஞ்ஞானிகள் அதன் நலத்தை மதிக்கிறார்கள். நலமான பவளங்களையே பார்த்துப் பழகிய யந்திரம், வெளுத்ததற்கும் சாயம் பூசிவிட்டால்? அழிவது செழிப்பதாகக் கணக்கில் ஏறும்!

வேறு வழி இல்லாமல் இல்லை. காமிராவுக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தை அறிந்து, இடையிலுள்ள நீர் செய்யும் மாற்றத்தைக் கணக்கிட்டு நீக்கும் முறையை, 2019-ல் தெர்யா அக்காய்னாக், தாலி டிரெய்பிட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் வெளியிட்டனர். அங்கே ஊகத்துக்குப் பதில் அளவு பேசுகிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். திருத்திய படத்துடன் மூலப் படத்தையும் பாதுகாக்க வேண்டும். யந்திரம் எங்கே கை வைத்தது என்று எழுதி வைக்க வேண்டும். கடலடியின் நிலையை முடிவு செய்ய, யந்திரம் ஆக்கிய நிறத்தை ஆதாரமாகக் கொள்ளலாகாது. மக்கள் பணத்தில் எடுத்த படங்களை மக்கள் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும். முதலில் குப்பத்து மீனவர்களுக்குக் காட்ட வேண்டும். அந்தக் கடலில் அன்றாடம் வலை வீசுகிறவர்கள் அவர்கள். படத்தில் பொய் இருந்தால், அதற்கு விலை கொடுக்கப் போகிறவர்களும் அவர்களே!