பள்ளி இணையத்தளம் ஒருவருடைய விரலிக்குள் அடங்கலாமா?

ஆசிரிய நண்பர்கள் சிலர் என்மீது சினங்கொள்ளக்கூடும். கொள்ளட்டும். இதை எழுதாமல் இருக்க இயலவில்லை.

நம் தமிழ்ப்பள்ளிகளின் இணையத்தளங்கள் பலவும் ஒரே ஓர் ஆசிரியரின் மடிக்கணினியிலேயே உயிர் வாழ்கின்றன. அவர் மாற்றலாகிச் சென்றால் கடவுச்சொல்லும் அவரோடு சென்றுவிடுகிறது. அவரிடமிருந்து விரலியில் படியெடுத்து வந்த கோப்புறையைத் திறந்து பாருங்கள். 'வரலாறு', 'வரலாறு_புதியது', 'வரலாறு_இறுதி', 'வரலாறு_இறுதி2' என நான்கு கோப்புகள் இருக்கும். இவற்றுள் எது இறுதி? எழுதியவருக்கே தெரியாது!

பத்து காஜா வட்டாரத்தில் நானறிந்த ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். தோட்டத்தில் கொட்டகையாகத் தொடங்கிய காலத்துச் செய்திகளை முதியவர்களிடம் கேட்டறிந்து, பள்ளி வரலாற்றை நீண்ட பக்கமாக எழுதித் தளத்தில் ஏற்றியிருந்தனர். பின்னர்த் தளத்தை அழகுபடுத்த வந்தவர் அதே கோப்புப் பெயரில் ஐந்து வரிச் சுருக்கத்தை ஏற்றினார். பழையது மேலெழுதப்பட்டு மறைந்தது. படி வேறெங்கும் இல்லை. செய்தி சொன்ன முதியவர்களுள் இருவர் இன்று உயிரோடில்லை.

1938-இல் கட்டப்பட்டு 1982-இல் ஓய்ந்த தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பலை இன்றும் சென்று பார்க்கலாம். கெல்லியின் முடிவுறாத மாளிகைக்கு நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். அந்த மாளிகைக்குக் கல் சுமந்த தமிழரின் வழிவந்தோர் படித்த பள்ளிகளின் வரலாற்றுக்கு மட்டும் ஒரு விரலிதான் காப்பகமா?

இதற்குத் தீர்வு நெடுநாளாகவே இருக்கிறது. பதிப்புக் கட்டுப்பாடு என்பது அதன் பெயர். லினக்சு இயங்குதளத்தின் மூலநிரலைப் பேணுவதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' என்னும் கட்டற்ற மென்பொருள் இவ்வகையில் பெரிதும் வழங்குவது. தளத்தின் கோப்புகளை அதில் இட்டுவிட்டால், ஒவ்வொரு முறை மாற்றத்தைப் பதியும்போதும் யார், எந்நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது நிலைத்துவிடும். ஏன் மாற்றினார் என்பதையும் ஒரு வரியில் அவரே எழுதி வைக்கலாம். தவறாக மேலெழுதினால் முந்தைய நிலையை மீட்கலாம். 'இறுதி2' என்று பெயர் சூட்டும் வேலையே இல்லை. இதனினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. களஞ்சியத்தைப் படியெடுத்த ஒவ்வொருவர் கணினியிலும் இன்றைய கோப்புகளோடு அவற்றின் முழு வரலாறும் இருக்கும். ஒரு கணினி எரிந்தாலும் பள்ளி வரலாறு எரியாது.

பக்கங்களை வெளியிடுவதும் இவ்வழியிலேயே நடக்கலாம். கிட்ஹப் நிறுவனம் 2008 முதல் வழங்கிவரும் 'பேஜஸ்' போன்ற சேவைகளில், களஞ்சியத்தில் மாற்றம் பதிவானதும் தளம் தானாகவே புதுப்பிக்கப்படும். எளிய பள்ளித் தளத்திற்கு அது போதும். பொதுக் களஞ்சியமாயின் கட்டணமும் இல்லை. வழங்கிக்குள் நேரடியாக நுழைந்து நோண்டும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிடலாம்.

"இதெல்லாம் நிரலாளர் வேலை, ஐயா" என்கிறார்கள். இந்த மறுப்பைக் கேட்கும்போதுதான் எனக்கு வருத்தம் மிகுகிறது. பாடபேதம் என்ற சொல்லை வைத்திருக்கும் மொழியல்லவா நம்முடையது! உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல ஏடுகளை ஒப்பிட்டு, எந்த ஏட்டில் எந்தச் சொல் வேறுபடுகிறது என்று பார்த்தாரே, அவர் நிரலாளரா? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தட்டெழுதியவர் பெயரையும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரையும் ஒவ்வொரு மின்னூலின் முகப்பிலும் பதித்து வருகிறது. யார் கைபட்டது என்பதைக் குறித்துவைப்பது நம் பதிப்பு மரபு. கருவி மட்டுமே புதிது.

"கூகுள் டிரைவில் வைத்திருக்கிறோமே" என்பது அடுத்த மறுப்பு. யாருடைய கணக்கில்? மேலும், அதில் ஏற்றிய கோப்பின் பழைய பதிப்புகள் 30 நாட்களுக்குப் பின் பொதுவாக நீங்கிவிடும். சேவைகளை நம்பி நாம் ஏமாந்தது போதாதா? ஜியோசிட்டிஸ் 2009-இல் மூடப்பட்டது. 1பெஸ்தாரிநெட் திட்டத்தின்வழி ஃபுரோக் தளத்தில் பாடங்களை ஏற்றினோம். 2019-இல் அத்திட்டம் முடிவுற்றது. 2020-இல் டெலிமா வந்தது. நாளை வேறொன்று வரும். கிட்ஹப்பும் ஒருநாள் போகலாம். போனாலும், படிகள் நம் கணினிகளில் இருப்பதால் களஞ்சியத்தை வேறிடத்தில் குடியமர்த்திக்கொள்ளலாம்.

நேரமில்லை என்போருக்கு நான் மறுமொழி கூறப் போவதில்லை. தேடித் தேடித் தொலைத்த நேரத்தை அவர்களே கணக்கிடட்டும்.

தொல்லைகளையும் மறைக்கக் கூடாது. கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் தொடக்கத்தில் கிட் அதை எண்களாகச் சிதைத்துக் காட்டும். ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகும். விளையாட்டுப் போட்டியின் காணொளிகளை அதில் கொட்டினால் களஞ்சியம் வீங்கிவிடும். மாணவரின் அடையாள அட்டை எண்ணோ கடவுச்சொல்லோ அதில் ஏறவே கூடாது. பொதுக் களஞ்சியத்தில் ஒருமுறை ஏறிய பட்டியலைப் பின்னர் நீக்கினாலும் பழைய பதிவுகளில் அது எஞ்சியிருக்கும். நினைவாற்றல் மிக்க கருவியிடம் எதைச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெற்றோர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். பள்ளித் தளத்தின் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது? அதன் கோப்புகளின் முழுப்படி எத்தனை கணினிகளில் இருக்கிறது? தலைமையாசிரியர், பொறுப்பாசிரியர், முன்னாள் மாணவர் ஒருவர் என மூவருக்கேனும் களஞ்சியத்தின் திறவுகோல் உண்டு என்று கூட்டக் குறிப்பில் எழுதும்வரை உட்காராதீர்கள்.