சிவப்பு அல்லாத ரத்தம்

1987-ஆம் வருஷம் மத்திய அமெரிக்கக் காடொன்றில் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரையும் அவருடைய சகாக்களையும் துரத்தித் துரத்தி வேட்டையாடிய அந்த வேற்றுலகத்தான், 38 வருஷ காலம் மனிதர்களுடைய மண்டையோடுகளைச் சேகரித்து மாட்டி வைத்த பிறகு, 2025 நவம்பரில் வெளிவந்த 'பிரிடேட்டர்: பேட்லேண்ட்ஸ்' படத்தில் கதாநாயகனாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டான். அதில் எனக்கு ஆக்ஷேபம் உண்டு. அதைவிடப் பெரிய ஆக்ஷேபம், படத்துக்குக் கிடைத்த சான்றிதழைப் பற்றிச் சொல்லப்பட்ட காரணத்தின் மீது. படத்தில் மனிதப் பிறவி ஒன்றுகூட இல்லை. பலவீனன் என்று சொந்தத் தகப்பனாலேயே கொலைக்கு விதிக்கப்பட்ட டெக் என்னும் இளைஞன், கென்னா என்ற கிரகத்துக்குப் போய், யாராலும் கொல்ல முடியாத காலிஸ்க் என்ற மிருகத்தைத் தேடுகிறான். அவனுக்குத் துணை, வெய்லண்ட்-யுடானி கம்பெனி செய்து அனுப்பிய, இடுப்புக்குக் கீழே உடலற்ற ஓர் இயந்திரப் பெண். மனிதர் இல்லாதபடியால் சிவப்பு ரத்தம் இல்லை. சிவப்பு ரத்தம் இல்லாதபடியால் பி.ஜி.-13 என்ற தரத்துக்குள் நின்றுகொண்டே கொடுமையைக் கடைசி எல்லை மட்டும் காட்டலாம் என்பது தயாரிப்பாளர் தரப்பிலிருந்தே சங்கோஜமின்றி வந்த விளக்கம். என்னை எழுத வைத்தது படமல்ல, இந்த விளக்கந்தான்.

பி.ஜி.-13 பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததே. 1984-இல், 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்' படத்தில் உயிரோடிருப்பவன் மார்பிலிருந்து இருதயத்தைக் கையால் பிடுங்குகிற காட்சியையும், 'கிரெம்லின்ஸ்' படத்தின் கோரங்களையும் கண்டு அமெரிக்கப் பெற்றோர் கொதித்தெழ, முதல் படத்தின் டைரக்டரும் இரண்டாவதின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவருமான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கே, பி.ஜி.-க்கும் ஆர்-க்கும் நடுவில் இன்னொரு தரம் வேண்டுமென்று தரம் வழங்கும் மோஷன் பிக்சர் அசோசியேஷன் தலைவர் ஜாக் வாலென்டியிடம் யோசனை சொல்ல, அவ்வருஷம் ஜூலை 1 முதல் அது அமலுக்கு வந்தது. ஆர் தரம் பெற்ற படத்துக்கு 17 வயது நிரம்பாதவன் பெரியவர் துணையின்றிப் போக முடியாது, பி.ஜி.-13 படத்துக்கோ பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு, வாசலில் தடை கிடையாது. தடை இல்லாத இடத்தில் டிக்கெட் விற்கும் என்பதைக் கண்டுபிடிக்க ஹாலிவுட்காரர்களுக்கு வெகு காலம் ஆகவில்லை.

அதன் விளைவை அளந்து காட்டிய ஆராய்ச்சி ஒன்று 2013-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. சினிமாவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அந்த ஆராய்ச்சியையே நான் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று நண்பர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. ஆயினும் அதைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரிந்து இல்லையாகையால் மறுபடியும் சொல்கிறேன். 1950 முதல் 2012 வரை அதிக வசூல் பெற்ற படங்களில் 945 படங்களை எடுத்து, அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக வகுத்து, எத்தனை துண்டுகளில் ஹிம்சை இருக்கிறது, எத்தனையில் துப்பாக்கி வெடிக்கிறது என்று எண்ணினார்கள். பி.ஜி.-13 படங்களில் துப்பாக்கி ஹிம்சை 1985-இலிருந்து மும்மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. அது மட்டுமன்று, 2012-இல், பிள்ளைகள் தாராளமாய்ப் போகக்கூடிய பி.ஜி.-13 படங்களில் இருந்த துப்பாக்கி ஹிம்சை, பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட ஆர் படங்களில் இருந்ததையே மிஞ்சிவிட்டது! வேலி பயிரை மேய்ந்தது என்பார்களே, இங்கே வேலி பயிரை மேய்ந்ததோடு, மேய்ந்த கணக்கைக் காட்டிப் பரிசும் கேட்கிறது. சுடலாம், வெட்டலாம், நூற்றுக்கணக்கில் சாய்க்கலாம். ரத்தம் மட்டும் தாராளமாய்த் தெரியலாகாது என்பதே நடைமுறைத் தர்மமாகிவிட்டபடியால், காயத்தின் வேதனை திரையிலிருந்து மறைந்து, காயப்படுத்துகிறவனுடைய சாமர்த்தியம் மட்டும் மிஞ்சியது. வேற்றுலகத்தானுக்குப் பச்சை ரத்தம், இயந்திரங்களுக்கு வெள்ளைத் திரவம்; ஆகவே 'பேட்லேண்ட்ஸ்' படத்தில் எத்தனை உடல்கள் துண்டானாலும் ஆக்ஷேபிப்பார் இல்லை.

இனி, இதே தொடரில் 2010-இல் வந்த 'பிரிடேட்டர்ஸ்' படத்தைப் பாருங்கள். ராபர்ட் ராட்ரிகஸ் தயாரித்து நிம்ரோட் அன்டால் டைரக்ட் செய்த அந்தப் படத்தை மகத்தான காவியம் என்று சொல்ல நான் துணியவில்லை. பின்பாதியில் அது மூச்சு வாங்குகிறது. ஆனால் அதன் ஆரம்ப யோசனை அபாரமானது. ஏட்ரியன் பிராடி நடித்த கூலிப்படைச் சிப்பாய் கண் விழிக்கும்போது ஆகாயத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கிறான். பாராசூட் விரிய அவன் காட்டில் இறங்கினால், அங்கே அவனைப் போலவே தூக்கி எறியப்பட்ட ஒரு ரஷ்யச் சிப்பாய், ஒரு யகுசா அடியாள், சியரா லியோன் கலகப்படையைச் சேர்ந்த ஒருவன், மெக்ஸிகோ போதைமருந்துக் கும்பலின் கொலைகாரன், இஸ்ரேல் ராணுவத்தில் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் ஒரு பெண், மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த ஒரு கைதி, இவர்களோடு எதற்காக வந்தானென்று தெரியாத ஒரு டாக்டர். தாங்கள் நிற்பது பூமியே அல்ல, வேற்றுலகத்தார் மான் கலைமான்களை விட்டு வைப்பதுபோல மனிதர்களை விட்டு வைத்து வேட்டையாடும் ஒரு கிரகம் என்று அவர்களுக்கு மெல்ல மெல்லப் புரிகிறது. தம் தம் ஊரில் பிறரை வேட்டையாடியே பிழைத்தவர்கள் எல்லாரும் இங்கே இரையாகிறார்கள். சாதுவாகத் தோன்றிய டாக்டரோ எல்லாரிலும் கொடிய கொலைகாரனாக வெளிப்படுகிறான். கொலையையே தொழிலாகக் கொண்டவனை ஒரு பகற்பொழுதேனும் இரையின் தோலுக்குள் புகுத்திப் பார்ப்பதே இந்த ரகக் கதையின் ஜீவன். 1924-இல் ரிச்சர்ட் கானெல் எழுதிய சிறுகதையில், தீவிலே மனிதனை வேட்டையாடும் ஜெனரல் ஜாராஃபிடம் அகப்படுகிறவனும் பேர்பெற்ற வேட்டைக்காரனாகவே இருப்பது தற்செயலா? 1898-இல் எச். ஜி. வெல்ஸ் செவ்வாய்க் கிரகத்தாரை இங்கிலாந்தின்மீது இறக்கியபோது, தாஸ்மேனியரை ஐரோப்பியர் அழித்ததை முதல் அத்தியாயத்திலேயே வாசகருக்கு நினைவூட்டியது எதற்காக?

'பேட்லேண்ட்ஸ்' இந்த ஜீவனைத்தான் அறுத்து எறிந்துவிட்டது. இரையாக நிற்க மனிதன் இல்லை. பார்க்கிறவன் வேட்டைக்காரன் தோளில் ஏறிக்கொண்டு சவாரி போகலாம். புது நோக்கு, புதுக் கோணம் என்று இதைப் புகழ்கிற விமரிசகர்கள் அநேகர். கதாநாயகனுக்கு ஒரு கொடிய தகப்பனையும், அழகாகச் சிணுங்குகிற ஒரு குட்டிப் பிராணியையும் கொடுத்துவிட்டால் இவர்களுக்குக் கோணம் கிடைத்துவிடுகிறது. இவர்களோடு வாதாடுவதில் பிரயோஜனமில்லை.

மெய்யாகவே புதிய கோணம் வேண்டுமென்றால் 'பேட்லேண்ட்ஸ்' படத்தின் டைரக்டரான இதே டான் டிராக்டன்பர்க் 2022-இல் எடுத்த 'ப்ரே' இருக்கிறதே! 1719-ஆம் வருஷத்துக் கமாஞ்சி இனப் பெண்ணொருத்தி, ஆம்பர் மிட்தண்டர் நடித்தவள், வேட்டையாடப்படுகிறவளாக இருந்துகொண்டே வேட்டையாடக் கற்கிறாள். கமாஞ்சி மொழியிலேயே முழுப் படத்தையும் கேட்க வசதி செய்திருந்தார்கள். ஆர் தரம், சிவப்பு ரத்தம். அந்தப் படத்தை டிஸ்னி என்ன செய்தது? அமெரிக்காவில் ஒரு கொட்டகைக்கும் அனுப்பாமல் நேரே ஹுலு என்ற இணைய ஒளிபரப்பில் போட்டது. 2025 ஜூனில் வந்த 'கில்லர் ஆஃப் கில்லர்ஸ்' என்ற சித்திரப் படத்திலும் மனிதர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அதுவும் ஹுலுவுக்கே போயிற்று. ஐந்து மாதம் கழித்து, மனிதரற்ற, பி.ஜி.-13 பெற்ற 'பேட்லேண்ட்ஸ்' மட்டும் கொட்டகைக்கு வந்து, அமெரிக்காவில் முதல் வாரக் கடைசியிலேயே சுமார் 4 கோடி டாலர் வசூலித்தது. இந்தத் தொடரில் அதற்கு முன் உச்சத்தில் இருந்தது, 2004-இல் வந்த 'ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்' எடுத்த 3.8 கோடி. அதுவும் பி.ஜி.-13 தான்! 2024-இல் 'ஏலியன்: ரோமுலஸ்' ஆர் தரத்தோடு கொட்டகைக்கு வந்து நன்றாகவே ஓடியதே என்று யாராவது எழுந்து கேட்பார்கள். ஒரு குயில் கூவியதால் வசந்தம் வந்துவிடாது.

1990-இல் 'பிரிடேட்டர் 2' படத்தை ஸ்டீபன் ஹாப்கின்ஸ் தரம் போடுகிறவர்களிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, அப்போதுதான் புதிதாக ஏற்பட்டிருந்த, ஆர்-ஐயும்விடக் கடுமையான என்.சி.-17 முத்திரையைக் குத்த முற்பட்டார்கள். காட்சிகளைப் பலமுறை வெட்டிக் குறைத்த பிற்பாடே ஆர் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலீஸ் வெயிலில் மனிதர்கள் தோலுரிக்கப்பட்டுத் தொங்கிய அந்தப் படம் அருவருப்பாகவே இருந்தது. அருவருப்பாக இருக்க வேண்டியதும் அதுவே. கொலையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளச் செய்த படத்துக்கு இத்தனை கெடுபிடி. அதே கொலையைப் பச்சை நிறத்தில் காட்டிக் கைதட்ட வைக்கிற படத்துக்குச் சிறுவர்களோடு அனுமதி. இந்த முறையில் வளர்கிற ஒரு தலைமுறை, வேட்டையாடப்படுகிறவன் ஒருவன் உண்டு என்பதையே மறந்து, எந்தச் சண்டையிலும் வேட்டைக்காரன் பக்கமே போய் நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிற இந்த நடுத்தரத்தைச் சீர்திருத்துவதால் ஒரு லாபமும் இல்லை. மோஷன் பிக்சர் அசோசியேஷன் பி.ஜி.-13-ஐ அடியோடு எடுத்துவிட வேண்டும். உயிர்கள் துண்டாகிற படம், அவை எந்தக் கிரகத்து உயிர்களாயினும், ஆர் என்றே வெளிவரட்டும். 4 கோடி வசூல் 2 கோடியாகக் குறையுமென்றால் குறையட்டும்.