அந்தக் காலத்து இரும்பு

போன வாரம் கரண்ட் போனபோது ஏழாயிரம்பண்ணை டீக்கடையில் பேச்சு தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் பக்கம் திரும்பியது. "முதல் யூனிட் 1979-இல் ஆரம்பிச்சது சார், இன்னும் ஓடுது. அந்தக் காலத்து இரும்பு!" என்றார் ஒரு நண்பர். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

இரும்புக்கும் வயசாகும், அதுவும் சூட்டில். 210 மெகாவாட் யூனிட்டில் சுமார் 540 டிகிரி நீராவி, சதுர சென்டிமீட்டருக்கு 130 கிலோ அழுத்தத்தில் குழாய்க்குள் ஓடுகிறது. அந்தச் சூட்டில் எஃகு உருகாது. மெல்ல மெல்ல நீளும். அதே ஈரத்துணியைச் சுமந்தே துணிக்கொடி வருஷா வருஷம் தொய்கிறதே, அப்படி. இங்கிலீஷ்காரன் இதை க்ரீப், ஊர்தல் என்கிறான். நான் படித்த பிரெஞ்சில் ஃப்ளுவாழ், அதாவது வழிந்தோடுவது. எனக்கென்னவோ பிரெஞ்சுக்காரன் சொன்னதுதான் சரி என்று படுகிறது.

குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த அந்த எஃகுக்குள் பொடிப்பொடியாகக் கார்பைடு துகள்கள் உண்டு. நீளவிடாமல் பிடித்து வைப்பவை அவைதான். பல்லாயிரம் மணி நேரச் சூட்டில் சின்னத் துகள்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்துவிடும். பிடி தளரும். கடைசியில் உள்ளே நுண்ணிய துளைகள் விழும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குளிர்ந்த தண்ணீரை ஏற்றி அழுத்தம் பார்த்தாலும் பாஸ் ஆகிவிடும். ஒரு இடத்தைத் தேய்த்து, அமிலம் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்செடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே "ஓடுகிறதே" என்பது சான்றே அல்ல. இந்திய கொதிகலன் விதிகள் 1 லட்சம் மணி நேரம் ஓடியதும் மிச்ச ஆயுளைச் சோதிக்கச் சொல்கின்றன. வருஷத்துக்கு 7,000 மணி நேரம் என்று வைத்தால் 15 வருஷத்துக்குள் அது வந்துவிடும். 45 வருஷத்தில் 3 லட்சம் தாண்டும். இன்னொரு விஷயம், 10 டிகிரி கூடுதலாக ஓட்டினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அப்படியானால் வருஷக் கணக்கு மட்டும் போதாது, சூட்டுக் கணக்கும் வேண்டும். எஸ்.ஆர். புத்தகம் இல்லாமல் ஒரு குமாஸ்தாவுக்குப் பென்ஷன் கிடையாது. குழாய்க்கும் அதே மாதிரி ஒரு பதிவேடு வேண்டாமா?

சோதனையே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எந்தக் குழாய் மாற்றியது, எது பழசு, எத்தனை மணி நேரம் மிச்சம் என்பதை ஊருக்குச் சொல்லுங்கள் என்கிறேன். நம்ம ஊர்ப் பட்டாசு அறைச் சுவரில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து வைக்கலாம் என்று எழுதிப் போட வேண்டும் என்கிறது சட்டம். அனல் மின் நிலைய வாசலில் மட்டும் ஏன் எழுதிப் போடக் கூடாது?