மக்கள் இருக்க, 'ஆதரவற்றவர்' என்று எழுதலாமா?





சென்ற மாதம் ஒருநாள் லுஹர் தொழுகைக்குப் பின், நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவின் திண்ணைக்கு ஒரு மூதாட்டி வந்தார். திருவேங்கடத்தில் ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டு அறையில் மாதம் 1,500 ரூபாய் வாடகைக்கு இருப்பவர். கையில் ஒரு வெள்ளைத்தாளும், ஆதார் அட்டையின் நகலும் வைத்திருந்தார். முதியோர் உதவித்தொகைக்கு வட்டாட்சியருக்கு மனு எழுதித்தர வேண்டும் என்றார். என்ன எழுதவேண்டும் என்பதைக்கூட யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "நான் ஆதரவற்ற முதியவர், என்னைக் கவனிக்க யாரும் இல்லைன்னு எழுதுங்க வாப்பா" என்றார்.

"பிள்ளைகள் எத்தனை பேர் உம்மா?" என்று கேட்டேன்.

"மூணு ஆம்பளப் புள்ள, ஒரு பொம்பளப் புள்ள. அல்லாஹ் காவல், எல்லாரும் நல்லா இருக்காங்க."

எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். ஒருவர் கடை வைத்திருக்கிறார். ஒருவர் சென்ற ஆண்டுதான் இரண்டாம் முறையாக உம்ரா சென்று திரும்பினார். குடும்ப அட்டையில் அந்த உம்மாவின் பெயர் மூத்த மகனின் அட்டையில் இருப்பதால், அவருக்குரிய அரிசிகூட அந்த வீட்டுக்குத்தான் போகிறது. அவரோ வாடகை அறையில் இருந்துகொண்டு, தம்மை ஆதரவற்றவர் என்று எழுதித்தரச் சொல்கிறார்.

இதை எழுதுவதால் சிலருக்கு என்மீது வருத்தம் ஏற்படும் என்பதை அறிவேன். ஏற்பட்டால் ஏற்படட்டும்.

முதலில் ஒரு தவறான புரிதலை விலக்கிவிடுகிறேன். அரசின் உதவித்தொகை பெறுவது இழிவன்று. உண்மையிலேயே ஆதரவற்ற முதியவருக்கு அது உரிமை. 2023ல் தமிழக அரசு அதனை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியது. பிள்ளையில்லாதவர், பிள்ளையை இழந்தவர், பிள்ளைகளே கூலிக்கும் வழியின்றித் தவிப்பவர் ஆகியோருக்கு மனு எழுதித்தர நானே பலமுறை அமர்ந்திருக்கிறேன், இனியும் அமர்வேன். கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பார்வையிழந்த முதிய யூதர் ஒருவர் இரந்து நிற்கக் கண்டு, அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச்சென்று கொடுத்துதவி, பின்னர் பைத்துல்மாலிலிருந்து அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் உதவ உத்தரவிட்ட செய்தியை இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவுசெய்துள்ளார்கள். முதியோருக்குப் பொது நிதியிலிருந்து கொடுப்பது நமக்குப் புதிதன்று.

என் வழக்கு வேறு. வசதியுள்ள மகன் தன் கடமையைத் தாயின் கையாலேயே அரசின் மீதும் ஜமாஅத்தின் மீதும் தள்ளிவிடுகிறான். அதற்காக அந்தத் தாயை ஒரு பொய்க்குக் கையொப்பமிட வைக்கிறான். எழுபது வயதுவரை பொய் சொல்லாத ஒரு நாவு, தன் பிள்ளைகள் உயிரோடிருக்க, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையில் 'எனக்கு யாருமில்லை' என்று சொல்லவேண்டியிருக்கிறது. இதன் பாவம் யார் கணக்கில் எழுதப்படும்?

பெற்றோரைப் பராமரிப்பது நம் மார்க்கத்தில் உபரியான நன்மையன்று, கட்டாயக் கடமை. திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்கள் அல்லாஹ்வை வணங்குவதற்கு அடுத்தபடியாகப் பெற்றோருக்கு நன்மை செய்வதை வைக்கின்றன. 2ஆம் அத்தியாயத்தின் 215ஆம் வசனம், யாருக்குச் செலவிடுவது என்ற கேள்விக்கு விடையளிக்கையில் பெற்றோரையே முதலில் குறிப்பிடுகிறது. ஃபிக்ஹு நூல்களில் 'நஃபகா' என்ற பாடத்தில் இது மனைவி மக்களின் பராமரிப்போடு சேர்த்தே பேசப்படுகிறது. உணவு, உடை, உறைவிடம் மூன்றும் அதில் அடங்கும். உறைவிடம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மாதம் 2,000 ரூபாய் கையில் திணித்துவிட்டு, 'நான் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்' என்பவர் பாதிக் கடமையைக்கூட நிறைவேற்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ரமளானில் தம் ஜகாத்தைக் கணக்கிட்டு, அதில் ஒரு பகுதியை உம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஏழைத் தாய்க்கு மகனுடைய ஜகாத் செல்லாது. தான் பராமரிக்கக் கடமைப்பட்டவருக்குத் தன் ஜகாத்தைக் கொடுப்பது, ஒரு பையிலிருந்து எடுத்துத் தன் மறு பையில் போட்டுக்கொள்வதே. மகன் கைவிட்டதால் உண்மையிலேயே தேவையில் தவிக்கும் தாய்க்கு மற்றவர்கள் கொடுக்கலாம், அது செல்லும். ஆனால் ஊர் கொடுத்துவிட்டது என்பதற்காக மகனின் கழுத்திலிருந்து அந்தக் கடமை இறங்கிவிடாது.

"என் மனைவிக்கும் உம்மாவுக்கும் ஒத்துவரவில்லை, நான் என்ன செய்ய?"

நான் அதிகம் கேட்கும் பதில் இதுதான். இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனெனில் இதில் மார்க்கத்தையே கேடயமாகப் பிடிக்கிறார்கள். தனி உறைவிடம் கேட்பது மனைவியின் உரிமை, மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகளின் மார்க்கக் கடமையன்று என்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் தலைகீழ். பணிவிடை மருமகளின் கடமையில்லை என்றால் அது யாருடைய கடமை? மகனுடையது. மனைவிக்குத் தனி வீடு உரிமை என்றால், தாய்க்கும் தகுந்த உறைவிடம் உரிமையல்லவா? அதற்கு வாடகை கொடுக்கவேண்டியவன் யார்? ஒரே கூரையின்கீழ் இருவரும் மனக்கசப்போடு வாழ்வதைவிட, பக்கத்துத் தெருவில் காற்றோட்டமுள்ள ஓர் அறையை எடுத்து, சமைக்கவும் துணி துவைக்கவும் ஓர் ஆளை அமர்த்தி, தினமும் இஷாவுக்குப் பின் மகன் சென்று அமர்ந்து பேசிவிட்டு வருவது எவ்வளவோ மேல். அந்த வாடகையைத் தாய் கொடுக்கக் கூடாது, ஜமாஅத்தும் கொடுக்கக் கூடாது. மருமகளின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் மகன், தாய்க்கும் மனைவிக்கும் ஒருசேர அநீதி செய்கிறான்.

பெண்மக்களுக்கும் இதில் பங்குண்டு. தந்தையைப் பராமரிக்கும் கடமை மணமான, வருவாயுள்ள மகளுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்து, 'முறை வைத்தல்'. மூன்று மகன்கள், ஆளுக்கு நான்கு மாதம். மாதம் முடிந்த மறுநாள் உம்மாவின் துணி மூட்டை ஆட்டோவில் ஏறும். முதுமையில் ஒருவருக்கு வேண்டியது தான் துஆ ஓதும் மூலை, தன் தஸ்பீஹ் மணி தொங்கும் ஆணி, தன்னை அறிந்த பக்கத்து வீட்டுக்காரி. இவற்றை நான்கு மாதத்திற்கொருமுறை பிடுங்கி எறிந்துவிட்டு, 'மூவரும் சமமாகப் பார்த்துக்கொள்கிறோம்' என்று பெருமை பேசுகிறார்கள். செலவைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். தாயைப் பங்கிடாதீர்கள்.

இனி வீட்டிற்கு வருகிறேன். அந்த உம்மா ஏன் வாடகை அறையில் இருக்கிறார்? அவருக்கு வீடு இருந்தது. வாப்பா கட்டிய வீடு. மகன்கள் 'பத்திரத்தைச் சரிசெய்துவிடுவோம்' என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்திற்கு அழைத்துச்சென்று தான செட்டில்மெண்டாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். பெருவிரல் ரேகை வைத்த நாள்வரை அவர் வீட்டுக்காரி. இன்று அரசின் வீட்டுத் திட்டங்களை நாடினாலும் வழியில்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அது ஊராட்சிப் பகுதிகளுக்கானது, திருவேங்கடமோ பேரூராட்சி. நகர்ப்புறத்திற்கான பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்தில் சொந்தமாக வீடு கட்ட மானியம் கேட்டால், முதலில் பட்டாவைக் கேட்பார்கள். நிலத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்ட தாயிடம் பட்டா ஏது?

ஆகவே பெற்றோரே, உங்களிடமும் ஒரு சொல். பாசத்தால் எழுதிக்கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதும்போது, 'என் ஆயுள்வரை இந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை எனக்குண்டு, என்னைப் பராமரிக்கவேண்டும்' என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வது பிள்ளைமேல் நம்பிக்கையின்மை அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்த தந்தைக்குச் சாட்சியாக நிற்க நபி (ஸல்) அவர்கள் மறுத்ததையும் நினைவில் வையுங்கள்.

எழுதிக்கொடுத்ததைத் திரும்பப் பெறலாமா? ஷாஃபிஈ மத்ஹபில், பெற்றோர் பிள்ளைக்கு அளித்த ஹிபாவை, அது பிள்ளையின் உடைமையில் இருக்கும்வரை திரும்பப் பெறலாம். ஹனஃபி மத்ஹபில், நெருங்கிய இரத்த உறவினருக்கு ஒப்படைத்துவிட்ட ஹிபாவைத் திரும்பப் பெற இயலாது. ஆனால் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த மகன் இதைச் சொல்லித் தப்பமுடியாது. வீடு அவனுடையதாகிவிட்டாலும் அந்தத் தாயின் உறைவிடம் அவன் பொறுப்பே.

நாட்டுச் சட்டமும் இந்தத் தாயின் பக்கம் நிற்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். திருவேங்கடம் வட்டத்தினருக்கு அது சங்கரன்கோவில் கோட்டம். மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். அழைப்பாணை சென்ற நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவெடுக்கவேண்டும் என்பது விதி. பெற்றோரைக் கைவிடுவது மூன்று மாதச் சிறைக்குரிய குற்றம். 23ஆம் பிரிவின்படி, பராமரிப்பதாக நிபந்தனை ஏற்று எழுதி வாங்கிக்கொண்டு பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். பத்திரத்தில் அந்த நிபந்தனை வெளிப்படையாக இல்லாவிட்டாலும், அன்பாலும் பாசத்தாலும் எழுதியதிலேயே அது உள்ளடங்கியிருக்கிறது என்று நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் கூறியது. வழி தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளே, உங்களையும் விடுவதற்கில்லை. பள்ளிவாசலுக்குக் குளிரூட்டி வாங்க ஒரே ஜும்ஆவில் வசூலாகிவிடுகிறது. வக்ஃபுக் கடைகளைப் பல ஆண்டுகளுக்கு முந்தைய வாடகைக்கே விட்டிருக்கிறோம். பள்ளிவாசலை ஒட்டிய இடத்தில் நான்கு அறைகள் கட்டி, உண்மையிலேயே யாருமற்ற முதியவர்களை அமர்த்த எந்த ஊர் முன்வந்திருக்கிறது? பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் பைத்துல்மாலிலிருந்து 500 ரூபாய் கொடுத்து வாயடைப்பதை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளைகளை அழைத்து உட்காரவையுங்கள். திருமணப் பதிவேட்டில் கையொப்பமிட அழைத்தால் வருகிறார்கள் அல்லவா, இதற்கும் வரட்டும்.

நான் செய்தது இதுதான். 'ஆதரவற்றவர்' என்ற மனுவை எழுதவில்லை. அதற்குப் பதிலாகக் கோட்டாட்சியருக்கு ஒரு மனு எழுதினேன், நான்கு மக்களின் பெயரோடும். படித்துக் காட்டினேன். அந்த உம்மா தாளை வாங்கி மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார். "புள்ளைகளுக்குக் கெட்ட பேர் வந்திடும் வாப்பா, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றார். வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு நானே அலைபேசியில் பேசினேன். 'எங்கள் குடும்ப விஷயத்தில் நீங்கள் ஏன் தலையிடுகிறீர்கள்' என்று கேட்டார்.

வாடகை ஐந்தாம் தேதிக்குள் கொடுக்கவேண்டும். மனு இன்னும் அவர் முந்தானையில்தான் இருக்கிறது.